நம்ம ஆளுக்கு எதுக்குடா டிப்ஸு?

பில் ஃபோல்டரைத் திறந்தா ஒரு வாசனை வரும். ரெக்சினும் சோம்பும் கசங்கின நோட்டும் கலந்த வாசனை... இன்னைக்கும் ஏதாவது ஹோட்டல்ல அந்தக் கறுப்பு ஃபோல்டரைக் கொண்டுவந்து வெச்சா, உள்ள என்ன இருக்குன்னுதான் மொதல்ல பார்ப்பேன்.

கொரோனாவுக்கு முன்னாடி நடந்தது இது. ஒரகடத்துல கார் சீட் செய்யுற கம்பெனியில டிரெய்னியா இருந்தேன். பெர்மனன்ட் ஆக்குறோம், ஆக்குறோம்னு சொல்லியே வேலை வாங்கினாங்க. டிரெய்னிங் முடிஞ்சதும் எங்க பேட்ச்ல பாதிப் பேரை எடுத்துக்கிட்டாங்க. மீதிப் பேருகிட்ட கேட்லயே ஐடி கார்டைக் கழட்டி வாங்கிட்டாங்க. நான் அந்த மீதியில ஒருத்தன்.

கோவில்பட்டி பக்கம் எங்க ஊரு. மகன் கார் கம்பெனியில இருக்கான்னு அம்மா தெருவெல்லாம் சொல்லி வெச்சிருந்தாங்க. என் சம்பளத்தை நம்பித்தான் தங்கச்சியை நர்சிங்ல சேர்த்தோம். வேலை போச்சுன்னு எந்த வாயால சொல்றது? சொல்லல. மாசம் பொறந்தா ஊருக்குப் பணம் போயாகணும்... அதுக்காக மெயின் ரோட்ல ஒரு ஹோட்டல் ஏசி ஹால்ல சர்வரா சேர்ந்துட்டேன்.

அங்க சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு. சம்பளம்னு ஒண்ணு பேருக்குத்தான். "ஏசி ஹால் பையனுக்கு டிப்ஸ்தான்டா சம்பளம். நல்லா கவனி, நல்லா வாங்கு"ன்னு கேப்டன் மொத நாளே சொல்லிட்டார். கேப்டன்னா ஹெட் சர்வர். எந்த டேபிள் யாருக்குன்னு அவர்தான் பிரிப்பார். அந்த டேபிள்ல வர்ற டிப்ஸ் அந்த சர்வருக்கு.

சனிக்கிழமை சாயங்காலம்தான் எங்களுக்குக் காசு பார்க்குற நேரம். ஃபேமிலியா வருவாங்க, ஆபீசருங்க வருவாங்க.

கரெக்டா அந்த நேரத்துக்கு என் பழைய கம்பெனி லைன் பசங்களும் வருவாங்க. பெர்மனன்ட் ஆனவங்க. முன்னாடி வர்றது கார்த்தி... பிள்ளைப்பாக்கத்துக்காரன், லைன்ல எனக்குப் பக்கத்துல நின்னவன். கதவைத் தள்ளும்போதே சவுண்டு விடுவான். "கேப்டன், நம்ம ஆளு டேபிள்ல தான் குந்துவோம். வேற எவனும் வேணாம்!"

எனக்கு விழுந்த பெரிய டேபிளைப் பூராவும் பிடிச்சுக்குவாங்க. பிரியாணி, கிரில் எல்லாம் முடிஞ்சப்புறம் ஆளுக்கொரு லைம் சோடாவை வெச்சுக்கிட்டு கம்பெனி சூப்பர்வைசரை ஓட்டுவாங்க. வெளிய ஃபேமிலிங்க டேபிளுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும். பழையபடி லைன்லயே நிக்கிற மாதிரி இருக்கும்.

போகும்போது கட்டிப்பிடிப்பாங்க. ஃபோல்டரைத் திறந்தா... ஒண்ணும் இருக்காது. சில்லறை வரைக்கும் எடுத்துட்டுப் போயிருப்பாங்க.

மறந்துட்டாங்க போலன்னு நினைச்சேன். பாவம், டிப்ஸ் வைக்கிற பழக்கம் இல்லை போலன்னும் நினைச்சேன். ஒரு சனிக்கிழமை காய்ச்சல்னு நான் லீவு. அவங்களுக்கு சுராஜ்தான் பரிமாறியிருக்கான், பீகார் பையன். மறுநாள் பல்லெல்லாம் தெரிய சொல்றான், "அண்ணா, உங்க ஃப்ரெண்ட்ஸ் ரொம்ப நல்ல ஆளு. இருநூறு ரூபா குடுத்துச்சு!"

எனக்குச் சுருக்குன்னுச்சு. அடுத்த வாரம் கை கழுவ வந்த கார்த்திகிட்ட விளையாட்டா கேக்குற மாதிரி கேட்டேன். "சுராஜைச் செமையா கவனிச்சீங்களாமே?"

"அவன் சர்வரு மச்சி. நீ இன்னா சர்வரா? ஒனக்குப் போய் டிப்ஸ் வெச்சா நல்லாவா கீது? நம்ம ஆளு டா நீ."

உண்மையான மரியாதையோட சொன்னான். என்னைக் கேவலப்படுத்தக்கூடாதுன்னு அவனுங்க எல்லாரும் சேர்ந்து பேசி வெச்சிருக்கானுங்க.

அந்த மாசம் ஊருக்குப் பணம் கொறைஞ்சு போச்சு. அம்மா ஃபோன்ல, "ஏம்ப்பா, கம்பெனியில ஓ.டி. இல்லியா இந்த மாசம்? தங்கச்சிக்கு ஃபீஸ் கட்டணும்ல"ன்னாங்க.

அடுத்த சனிக்கிழமை ஃபோல்டரை வெச்சேன். நகராம அங்கயே நின்னேன். "டேய், தப்பா எடுத்துக்காதீங்க... இங்க எனக்குச் சம்பளமே இதுல வர்றதுதான்."

அப்புறம் ஒருத்தன் பர்ஸை எடுத்தான், பின்னாடியே எல்லாரும் எடுத்தாங்க. கார்த்தி ஐநூறு ரூபாயா வெச்சான், என் மூஞ்சியைப் பார்க்கல. அன்னைக்கு யாரும் கட்டிப்பிடிக்கல.

அத்தனையும் ஊருக்கு அனுப்பினேன். "ஓ.டி. பணம் வந்துட்டாப்பா?"ன்னாங்க அம்மா. வந்துட்டும்மான்னேன்.

பசங்க அதுக்கப்புறம் வரவே இல்லை. எதிர்த்த ஹோட்டலுக்குப் போறாங்கன்னு சுராஜ் சொல்லித்தான் தெரியும்.

இப்ப தங்கச்சி நர்ஸு. நான் ஒரு சின்ன கம்பெனியில ஸ்டோர்ஸ் பார்க்குறேன். டிப்ஸ் பத்து பர்சென்ட்டா அஞ்சு பர்சென்ட்டான்னு இங்க ஃபேஸ்புக்ல சண்டை போடுறீங்க, படிச்சேன். இப்ப டேபிளுக்கு டேபிள் க்யூஆர் ஸ்டிக்கர். ஸ்கேன் பண்ணிப் போடுற டிப்ஸ் யார் அக்கவுண்ட்டுக்குப் போகுதுன்னு அந்த சர்வருக்கே தெரியாது. அப்பல்லாம் ஃபோல்டரைத் திறந்தா இருக்கா இல்லையான்னாவது தெரிஞ்சுது. நான் நோட்டாவே கையில குடுத்துடுவேன். தெரிஞ்ச பையனா இருந்தா கொஞ்சம் கூடவே.

போன மாசம் வல்லக்கோட்டை கோயில்ல கார்த்தி மகனுக்குக் காது குத்து. கூப்பிட்டிருந்தான், போனேன். என் தோள்ல கையைப் போட்டு, பிரியமா, பொண்டாட்டிகிட்ட காட்டினான். "தோ பாரு, இவன்தான். சொல்லுவேன்ல... ஒருவாட்டி ஹோட்டல்ல எங்ககிட்ட காசு கேட்டானே, அவன்."

"ஓ... இவங்களா!"ன்னு அந்தப் பொண்ணு சிரிச்சுது.

அது காசு இல்லடா, என் சம்பளம்டான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. புள்ளை காது குத்துல போய் என்னத்தைச் சொல்ல? இத்தனை வருஷமா அந்த வீட்ல எனக்குப் பேரு, காசு கேட்டவன்.

மொய் எழுதிட்டு, சாப்பிடாம வந்துட்டேன்.