முனீஸ்வரனின் துப்பாக்கி

என் அத்தை பல்லிக்குப் பயப்படுவாள். அதைத் தவிர ரங்கூனில் அவள் பயந்த ஜீவன் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வார்டு ஆபீஸ்காரன் வந்து வீட்டில் தங்கும் விருந்தாளிகளின் கணக்குக் கேட்டால், அவன் வீட்டுக் கணக்கைத் திருப்பிக் கேட்பாள். அப்படிப்பட்டவளிடமிருந்து ஒரு பழைய துப்பாக்கியை வாங்கிவிடலாம் என்று சித்தப்பா நினைத்தார் என்றால், கூடப் பிறந்த அக்காவை அவர் சரியாகப் பார்த்ததே இல்லை என்றுதான் அர்த்தம்.

துப்பாக்கி அத்தையுடையது அல்ல, முனீஸ்வரனுடையது. தண்டவாளத்தை ஒட்டி, ரயில்வே இடத்தில், தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்த மாமா, அத்தையின் புருஷன், பூசை பார்த்த இடம். அவர் போன பிறகு விளக்கேற்றுவது, கூட்டுவது, கோயிலுக்காகச் சண்டை போடுவது எல்லாம் அத்தைதான். சாமிக்கு முன்னால் மண்மேடையில் சூலம், வேல், அரிவாள்களோடு அந்தத் துப்பாக்கியும் குழல் மேலே பார்க்க நிற்கும். ஜப்பான்காரனோடு நடந்த யுத்தத்திலிருந்து உயிரோடு திரும்பிய தமிழ்ச் சிப்பாய் ஒருவர் நேர்த்திக்கடனாக விட்டது என்பார்கள். திருவிழாவுக்கு முன்னால் வருஷா வருஷம் எல்லாவற்றுக்கும் வெள்ளிப் பெயின்ட் அடிப்பார்கள். அதனால் சூலத்தோடு சூலமாகிப் போய், அது நிஜத் துப்பாக்கி என்ற நினைப்பே யாருக்கும் வராது.

அத்தைக்கு ஒரே மகன், எனக்கு அத்தான். எண்பத்தெட்டில் பட்டாள ஆட்சியை எதிர்த்து மாணவர்களோடு தெருவில் இறங்கி, பட்டாளம் சுட ஆரம்பித்த பிறகு ஆயுதம் ஏந்தியவர்களோடு சேர எல்லைப் பக்கம் போனவர். அப்போது எனக்கு மூன்று வயது. அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. யாராவது கேட்டால் வெளியூரில் வேலை என்று சொல்ல எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

சித்தப்பாவுக்கு ரங்கூனின் கடைத்தெருப் பகுதியான பபேடானில் பழைய சாமான் கடை. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஏரிக்கரைப் பங்களாக்காரர் ஒருவர் அவருக்குப் பெரிய வாடிக்கையாக அமைந்தார். தேக்கு வியாபாரம், மேலிடத்தில் செல்வாக்கு. பழைய யுத்தத் துப்பாக்கிகளைச் சேர்த்துச் சுவரில் மாட்டுவதில் அவருக்குப் பைத்தியம். ஆனால் செத்த துப்பாக்கிதான் வேண்டும்: குழாயை அடைத்து, இனிமேல் சுடவே முடியாதபடி செய்தது. அதுவும் வெள்ளைக்காரன் காலத்திலேயே அடைத்ததாக இருக்க வேண்டும். சமீபத்தில் அடைத்தது என்றால் அதுவரை அது யாரிடம் உயிரோடு இருந்தது என்று கேள்வி வரும். அந்தக் கேள்வியைப் பட்டாளம் கேட்கிற விதமே வேறு.

சித்தப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் த்வாண்டே ஊர் வரை படகில் போய் அலைந்தார். அங்கே ஒரு வீட்டில் நாடகத்துக்குச் செய்த மரத்துப்பாக்கியைக் காட்டி, தேநீரும் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில்தான் அக்கா கோயிலில் ஒன்று நிற்பதும், அதன் வாய் அடைத்திருப்பதும் அவர் நினைவுக்கு வந்தது. சந்தோஷத்தில் நேராகப் போய்ப் பங்களாக்காரரிடம் சொல்லிவிட்டார். அக்காவிடம் சொல்லவில்லை.

மறுநாள் அவர் மண்ணெண்ணெய், துணி, தகடு, பூதக்கண்ணாடி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தபோது, அத்தை என்னைக் கோயிலில் காவலுக்கு வைத்துவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தாள். காவல்காரியான நான் சிரமமே இல்லாமல் எதிரியோடு சேர்ந்துகொண்டேன். இருவரும் முத்திரை தேடிப் பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்தோம். பெயின்ட் அடை அடையாகப் பெயர்ந்தது. விசைக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரனின் கிரீட முத்திரையும், அதன் கீழே முதல் உலக யுத்தத்து ஆண்டு ஒன்றும் தெரிந்தன. சித்தப்பா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு என் தலையில் முத்தமிட்டார்.

நான் உற்சாகமாகி ஸ்டூலில் ஏறிக் குழாயின் வாய்ப்பக்கம் போனேன். அங்கே தகடு பட்டதுமே இரும்பு பளிச்சென்று வந்துவிட்டது.

"சித்தப்பா! இங்க மட்டும் பெயின்ட் ரொம்ப சன்னமா இருக்கு!"

ஊரைக் கூட்டுகிற மாதிரிதான் கத்தினேன். அவர் வந்து பார்த்தார். பிறகு தோட்டாப் போடுகிற இடத்தைச் சுரண்டினார். அங்கேயும் பற்றவைத்த இடத்தில் அப்படித்தான். மற்ற இடங்களில் இருந்தது ஐம்பது வருஷத்துப் பெயின்ட். அடைத்த இடத்தில் மட்டும் ஏழெட்டுத் திருவிழாப் பெயின்ட். வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலம் கழித்து, எண்பத்தெட்டு வாக்கில்தான் யாரோ அதைச் சாகடித்திருக்கிறார்கள். சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அத்தை காய்கறிக் கூடையோடு வந்து நின்றாள். தோலுரித்த துப்பாக்கியைப் பார்த்தாள்.

"அக்கா, இதை யாரு அடைச்சது?"

"முனீஸ்வரன்."

"விளையாடாதக்கா. நாளைக்குக் காலையில ஏரிக்கரைப் பங்களாக்காரர் இதை வாங்கப் பார்க்க வர்றாரு. இது தெரிஞ்சா நம்ம எல்லாரையும் அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க."

"வரட்டும். சாமி எல்லாருக்கும் பொதுதானே."

சித்தப்பா கெஞ்சினார். கேட்டதும் கொடுத்துவிட்டால் அவர் அதிகம் ஆராயமாட்டார், கொடுக்காவிட்டால் ஒரு வார்த்தை சொல்லியே ரயில்வே இடத்திலிருந்து கோயிலைப் பிடுங்கிவிடுவார் என்றார். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடையில் இருப்பதிலேயே பெரிய டின் வெள்ளிப் பெயின்ட் வாங்கிவர அவரையே அனுப்பினாள். அன்று சாயங்காலம் வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசினாள். நான் டின்னைப் பிடித்துக்கொண்டேன். கிரீடமும் ஆண்டும் போன இடம் தெரியவில்லை. மறுநாள் விடிந்ததும் இன்னொரு பூச்சு பூசினாள்.

கார் வந்தபோது அவள் கையில் பிரஷ் இருந்தது. வெள்ளைச் சட்டையும் பட்டு லுங்கியுமாக இறங்கிய பங்களாக்காரர் துப்பாக்கியைத் தொட்டுப் பார்த்தார். விரல் வெள்ளியாயிற்று. எப்போது அடைத்தது, முத்திரை எங்கே, கொஞ்சம் சுரண்டிக் காட்டு என்றார். அத்தையின் பர்மியம் சந்தையில் கற்றது, சத்தமானது; அதில் பெரிய மனிதர்கள் எல்லாரும் 'சயாஜி'.

"சுரண்ட விடமாட்டேன் சயாஜி. வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா சாமிகிட்ட நீங்களே கேட்டு, உங்க கையாலயே பிடுங்குங்க."

பர்மியர்களுக்கு முனீஸ்வரன் ஒரு நாட், காவல் தெய்வம். அப்படிப்பட்ட தெய்வத்தின் ஆயுதத்தில் யார் கை வைப்பார்கள்? அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் செருப்பைக் கழற்றினான், உள்ளே போனான், மண்டியிட்டான். மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்துப் பற்றவைத்துச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் காருக்குத் திரும்பிப் போனான்.

"இது ரயில்வே இடம். தெரியுமில்ல?" என்றார் பங்களாக்காரர்.

"எனக்கும் தெரியும், சாமிக்கும் தெரியும்."

அவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. சித்தப்பாவுக்கோ பயம் போய்க் கோபம் வந்துவிட்டது. ஒன்றுக்கும் உதவாத இரும்புக்காக எல்லாருடைய உயிரோடும் விளையாடுகிறாயே, அப்படி என்ன இருக்கிறது அதில் என்று சத்தம் போட்டார். அத்தை மேடை விளிம்பில் உட்கார்ந்தாள். அவள் குரலைத் தாழ்த்திப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"நான்தான்டா அடைச்சேன். பட்டறையில கொடுத்து அடைச்சேன். எம் புள்ள இதைத் தூக்கிட்டு எல்லைக்குப் போகப் பார்த்தான். இது செத்துட்டா வீட்ல இருந்துடுவான்னு நினைச்சேன். வெறுங்கையோட போயிட்டான்."

சித்தப்பா பெயின்ட் டின்னை நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போறப்ப என்கிட்ட முகம் கொடுத்துக்கூடப் பேசல. வரட்டும். வந்து, ஏன்மா இப்படிப் பண்ணினேன்னு இதைக் காட்டி என்னைத் திட்டணும் அவன். அதுக்கு இது இங்கயே நிக்கணும். எவன் வந்தாலும் கொடுக்க மாட்டேன்."

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அத்தையை நினைத்துக் கவலையாகிவிட்டது. திட்டிலிருந்து தப்பிப்பதில் அந்த வயதிலேயே நான் கைதேர்ந்தவள். அத்தான் வருவதற்குள் துப்பாக்கியை எங்காவது தூக்கிப் போட்டுவிடுங்கள், அப்புறம் அவர் எதைக் காட்டித் திட்டுவார் என்று அவள் காதில் யோசனை சொன்னேன். அத்தை என்னை இழுத்து இறுகக் கட்டிக்கொண்டாள். அவள் கையிலிருந்த பெயின்டெல்லாம் என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போனால் அம்மா திட்டப்போகிறாளே என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.