இருட்டறையில் ஏறி இறங்கிய கோடு

அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் இருட்டறை அக்கா. பதினான்கு வருடமாகப் பூஞ்சைக்குச் சாப்பாடு காய்ச்சி ஊற்றி வளர்ப்பவள். மின்மினியை ஒளிரவைக்கும் புரதத்தைப் பூஞ்சையின் மரபணு ஒன்றோடு கோத்திருந்தார்கள். அந்த மரபணு வேலை செய்யும்போது பூஞ்சை மங்கலாக ஒளிரும், ஓய்ந்தால் அணையும். இருட்டுப் பெட்டிக்குள் கேமரா மணிக்கொரு படம் எடுக்கும். அந்த ஒளி திரையில் ஏறி இறங்கும் கோடாக வரும். பூஞ்சைக்குள் ஓடும் நாள் கடிகாரம் அதில் தெரியும்.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, கடிகார மரபணுவையே நீக்கிய பூஞ்சையை வளர்த்தாள். தட்டையாக வரவேண்டிய கோடு அலையலையாக வந்தது. உள்ளே இன்னொரு கடிகாரம் ஒளிந்திருக்கிறது என்று பேராசிரியர் துள்ளிக் குதிக்காத குறை. மாணவியின் ஆய்வேடு முழுக்க அதை நம்பித்தான் நின்றது.

அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. இருட்டில் விட்ட பூஞ்சை தன் கடிகாரப்படி நாளுக்கு இரண்டு மணி நேரம் முந்திக்கொண்டு ஒளிரும். இதுவோ வருகைப் பதிவுக்குப் பயந்த ஊழியன் மாதிரி தினமும் ஒரே நேரத்துக்கு வந்து நின்றது. பெட்டிக்குள் தெர்மாமீட்டர் வைத்து ஒரு நாள் முழுக்கச் சூட்டைத் தாளில் குறித்தாள். மாலை ஆறுக்கு அறை ஏசி நின்று சூடு ஏறுகிறது, காலையில்தான் ஏசி திரும்ப ஓடத் தொடங்குகிறது. பூஞ்சை ஆடியது சூட்டுக்கு.

அந்தக் கட்டடத்தின் எலக்ட்ரீஷியன் அவள் கணவன்தான்.

"எங்க ரூம் ஏசிக்கு டைமர் போட்டீங்களா?"

"ஆள் இல்லாத ரூமுக்கெல்லாம் போடச் சொன்னாங்க. ஆறு மணிக்கு மேல அங்க யாரு இருக்கா?"

"பூஞ்சை இருக்கே."

சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சொன்னால் என் தலைதான் உருளும் என்றான். நான்கு நாள் அவள் அந்தத் தாளைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். ஐந்தாம் நாள் வெப்பநிலைத் தாளை மாணவியின் மேசையில் வைத்தாள்.

"எப்பலேருந்து தெரியும்கா?"

"நாலு நாளா."

"நாலு நாளா என் முகத்தப் பாத்து எப்படிப் பேசினீங்க?"



ஏசியை நிறுத்தாமல் ஓடவிட்டுத் திரும்ப வளர்த்தார்கள். கோடு அசையாமல் கிடந்தது. ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது. அக்காவின் கணவனுக்கு அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதை அவன் அவள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். அச்சேறும் முன் பிழைத்தோம் என்றார் பேராசிரியர். தவறை யார் கண்டுபிடித்தது என்று அவர் கேட்கவில்லை.

மாணவி புது வேலையைத் தொடங்கிவிட்டாள். பூஞ்சைக்கான சாப்பாட்டை இப்போது அவளே காய்ச்சிக்கொள்கிறாள். ஒரு வார்த்தை கேட்டால் செய்து தரலாமே என்று அக்கா பக்கத்தில் நின்று பார்க்கிறாள். அவள் கேட்பதில்லை.