முனையில்தான் என் கூடாரம்

மார்லிஸ் தோர்சனும் நானும் ஒரே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறோம். வீடும் அடுத்தடுத்து. அதனால் போன வருடம் அவள் குடும்பத்தில் நடந்த சண்டையில் பாதி என் காதில் நேராகவே விழுந்தது. மீதியை அவளே சொன்னாள்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவள் பனிவண்டி ஓட்டிக்கொண்டு போனபோது, பனிக்கடியில் மறைந்திருந்த மரக்கட்டையில் மோதி வண்டி அவள் மேலேயே கவிழ்ந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பழகி, மறுபடி வேலைக்கு வந்து, பெரிய பானைகளை எல்லாம் முன்போலவே தூக்கினாள். யாராவது கை கொடுக்கப் போனால் முறைப்பாள்.

தோர்சன் வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் குடும்பத்தோடு ஒவ்வொரு ஜூலையும் லோமன் ஏரி மாநிலப் பூங்காவில் போய்க் கூடாரம் போடுவார்கள். அண்ணன் டுவேன், மார்லிஸின் கணவன். தம்பி லைல், அவன் மனைவி ரோண்டா. அங்கே ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை உண்டு. மூன்று பக்கமும் தண்ணீர். கார் போகாது, சாமான்களைக் கைவண்டியில் வைத்துப் பைன் மரங்களுக்கு நடுவே இழுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்த இடத்தின் மேல்தான் கண். மார்லிஸ் கல்யாணமான வருடத்திலிருந்து அங்கேதான் படுத்திருக்கிறாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைல் வீட்டில் சாப்பாடு. கடைசியில் இனிப்புக்கு ஆப்பிள் பை வந்த பிறகு ரோண்டா கைப்பேசியை எடுத்துப் படம் காட்டினாள். பூங்காவின் மறுகரையில் புதிதாக வந்திருக்கும் சொகுசுக் கூடாரங்கள். மரத் தரை, கட்டில், மெத்தை, விளக்கு, அடுப்பு எல்லாம் உள்ளேயே.

"இந்த வருஷம் யாரும் தரையில படுக்க வேண்டாம். எல்லாருக்கும் சேத்து பதிவு பண்ணிட்டேன்."

"எல்லாருக்கும்னா?" என்றாள் மார்லிஸ்.

"உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு, பிள்ளைங்களுக்கு ஒண்ணு. படியே கிடையாது பாரு, சாய்வா பலகை போட்டிருக்கான். உன் காலுக்காகத்தான் இவ்வளவு தேடினேன்."

"என் கால் உன்கிட்ட வந்து கேட்டுச்சா?"

டுவேன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நல்லதுக்குத்தான செய்யிறா" என்றான்.

"செத்தவங்களுக்குத்தான் கேக்காம சவப்பெட்டி பாத்து வாங்குவாங்க. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்று மார்லிஸ் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

காரில் வீடு போய்ச் சேரும்வரை அழுதாளாம். கோபம் வந்தால் மட்டும் அவளுக்கு அழுகை வரும்.

முனை இடத்துக்குப் பதிவு திறந்த காலையில் நாங்கள் இருவரும் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தோம். அவள் கைப்பேசியும் கையுமாக ஓரத்தில் நின்றாள். இரண்டு பானையையும் நானே கிளறினேன். திடீரென்று மேசையை ஓங்கித் தட்டினாள். கிடைத்துவிட்டது.

வழியில் மரம் ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்று கேட்க அப்போதே பூங்கா அலுவலகத்தைக் கூப்பிட்டாள். காலைப் பற்றி வாய்தவறிச் சொல்லியிருப்பாள் போல. அந்தப் பக்கம் பேசிய பெண் இரக்கத்தோடு சொன்னது எனக்கே கேட்டது.

"மேடம், உங்கள மாதிரி இருக்கறவங்களுக்குன்னே தார் போட்ட இடம் வச்சிருக்கோம். கழிப்பறை பக்கத்துலயே."

"அது வேணும்னு கேக்கறவங்களுக்குக் குடுங்க. எனக்குத் தண்ணி பக்கத்துல வேணும்."

டுவேனுக்குத் தெரிந்ததும் அவர்கள் கொல்லையில் சத்தம் எழுந்தது.

"அந்த வழி முழுக்க வேர். விழுந்துட்டேன்னா?"

"விழுவேன். போன வாரம் குளியலறையில கூட விழுந்தேன். அதுக்காகக் குளிக்காம இருக்கேனா?"

ஏப்ரலில் பனி இன்னும் திட்டுத்திட்டாகக் கிடந்தபோதே அவள் கொல்லையில் கூடாரத்தை விரித்துப் பழக ஆரம்பித்துவிட்டாள். மண்டியிட்டுக்கொண்டு ஆணி அடித்தாள். கைவண்டியில் விறகை ஏற்றி வீட்டைச் சுற்றிச் சுற்றி இழுத்தாள். சேற்றில் சக்கரம் புதைந்து, அவளும் விழுந்து, கெட்ட வார்த்தைகள் வேலி தாண்டி வந்தன. லைல் ஒருநாள் காரை நிறுத்திப் பார்த்தான்.

"டிக்கெட் போட்டா தெருவே வந்து பாக்கும் போலிருக்கு."

"உனக்கு மட்டும் ஓசி. வேலிக்கு அந்தப் பக்கமா நின்னு சிரிச்சிட்டுப் போ."

அவன் போன பிறகு காற்று வந்து கூடாரத் துணியைத் தூக்கியது. டுவேன் வீட்டுக்குள்ளிருந்து வந்து, கூடாரக் கம்பியைப் பிடித்தான்.

"நான் உன்னைக் கூப்பிடல."

"தெரியும். குளிருது, சீக்கிரம் கட்டு."

அன்றோடு டுவேனும் மனத்தளவில் மறுகரையை விட்டுவிட்டான். லைல் குடும்பமும் பிள்ளைகளும் மட்டும் சொகுசுக் கூடாரத்தில் தங்குவது என்று ஆயிற்று.

ஜூலையில் போனார்கள். மார்லிஸின் மகள் பிரிட்டா முன்னால் கைவண்டியை இழுத்துப் போக, மார்லிஸ் ஊன்றுகோலோடு பின்னால் நடந்தாள். எப்படிப் போகிறாள் பார்ப்போம் என்று ரோண்டாவும் கூடவே வந்தாள். முனைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது பைன் வேரில் செயற்கைக் கால் மாட்டி, மார்லிஸ் பக்கவாட்டில் விழுந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது.

"சொன்னேனா இல்லையா?" என்றாள் ரோண்டா. "தலை அடிபட்டிருந்தா? இப்பவாவது வா, அங்க உனக்கு மெத்தை போட்டு ரெடியா இருக்கு."

மார்லிஸ் எழுந்திருக்கவில்லை. தரையிலேயே வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கு வலிச்சா நான் சொல்லுவேன். உனக்கு என்ன வலிக்குது, அதைச் சொல்லு."

ரோண்டா எதையோ சொல்ல வாயெடுத்தாள். வேறெதுவோ வந்தது.

"இடுப்பு. தரையில படுத்தா ஒரு வாரம் நிமிர முடியல. கல்யாணமான நாள்லேர்ந்து இந்த ஏரியைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. கொசு, புகை, ஈரத் துணி."

"இத்தனை வருஷமா வாயே திறக்கலையே நீ."

"திறந்தா விட்டிருப்பீங்களா? நகரத்துக்காரி, பஞ்சு மெத்தைக்காரின்னு உங்க வீட்டு ஆம்பளைங்க வருஷம் பூரா சொல்லிக் காட்டுவாங்க. உன் கால் போனதும்..."

"சாக்குக் கிடைச்சிச்சு" என்று முடித்தாள் மார்லிஸ்.

ரோண்டா தலையை ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது. பிரிட்டா வண்டியை விட்டுவிட்டு நின்றாள்.

"அப்ப உன் இடுப்புக்குன்னு சொல்லிட்டு உன் கட்டில்ல படு, ரோண்டா" என்றாள் மார்லிஸ். " எவனாவது கிண்டல் பண்ணா என்கிட்ட அனுப்பு, நான் பாத்துக்கறேன். என் கால் தலையில மட்டும் போடாத. அதுக்கு இருக்கற வேலையே போதும்."

சொன்னாளே தவிர உடனே மனசு ஆறவில்லை. அன்று முழுக்க ரோண்டாவிடம் அவள் பேசவில்லை. மரத்தைப் பிடித்துத் தானே எழுந்து, முனைக்குப் போய், கூடாரத்தைத் தானே கட்டினாள்.

தண்ணீருக்கு இறங்கும் கரை செங்குத்து. "தூக்கிட்டுப் போறேன்" என்றான் டுவேன். வேண்டாம் என்று ஒரு பைன் மரத்தில் கயிற்றைக் கட்டச் சொன்னாள். செயற்கைக் காலைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பாறைமேல் வைத்தாள். பிறகு உட்கார்ந்தவாக்கிலேயே, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மண்ணிலும் ஊசி இலையிலும் சறுக்கி இறங்கினாள். படகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் பதறிப்போய்க் கேட்டார்.

"ஏங்க, உதவி வேணுமா?"

"மீன் மாட்டினா ஒண்ணு குடுங்க, போதும்."

அவருக்கு மீன் மாட்டவில்லை. அவள் தண்ணீரில் விழுந்து மல்லாந்து மிதந்தாள். விபத்துக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவையாம். தண்ணீருக்கு எந்தக் கால் இருக்கிறது, எந்தக் கால் இல்லை என்று தெரியாது என்று என்னிடம் சொன்னாள்.

ஊருக்குக் கிளம்பும் நாள் வருவதற்கு முன்பே வெட்டிய காலின் நுனி வீங்கிவிட்டது. செயற்கைக் கால் ஏறவில்லை. "வீட்டுக்குப் போயிடலாம்மா" என்று பிரிட்டா கெஞ்சினாள். பதிவு செய்த நாட்கள் முடியும்வரை நகர மாட்டேன் என்று மார்லிஸ் ஊன்றுகோலிலேயே காலம் தள்ளினாள். கூடாரத்துக்குள் தவழ்ந்து போனாள். காலையில் ரோண்டா அடுப்பில் அப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு அந்த வேர் வழியில் தானே நடந்து வந்தாள். மாலையில் எல்லோரும் முனையில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். லைல் ஒருமுறை "மெத்தைக்காரி வந்தாச்சு" என்று ஆரம்பித்தான். மார்லிஸ் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டான்.

இந்த வருடம் ரோண்டா தன் இடுப்புக்கென்று சொல்லியே கட்டில் பதிவு செய்துவிட்டாள். மார்லிஸுக்கு முனை கிடைக்கவில்லை, யாரோ முந்திக்கொண்டார்கள். அதற்கும் அப்பால், ஏரி உள்வாங்கும் வளைவைச் சுற்றிப் போனால் வரும் இடத்தைத்தான் பிடித்திருக்கிறாள். வழி இன்னும் நீளம், இன்னும் மேடு.

"அவ்வளவு தூரமா?" என்று கேட்டேன்.

"ஆமா. நீயும் வா. உன் மூட்டையை நீயே இழுக்கணும்" என்றாள்.