பெரியம்மாவின் அண்ணனை மைக்கில் அழைத்த நாள்

எங்கள் பெரியம்மா சைகோன்காரி. வியட்நாம் என்ற பெயர் எங்கள் தெருக்காரர்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே எல்லோருக்கும் அவள் சைனாக்காரம்மா. இளவயதில் சைகோனில் ஒரு தமிழர் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போன பெரியப்பா, அவளை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். சண்டை ஓய்ந்து, வெளிநாட்டுக்காரர்கள் கடையைக் கட்ட வேண்டி வந்தபோது அவளோடு சிவகாசி திரும்பினார். குண்டுச் சத்தத்திலிருந்து தப்பி வந்தவளை அவர் குடிவைத்த இடம் நாரணாபுரம் சாலை. தினமும் ஏதாவது ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடி போட்டுப் பார்ப்பார்கள். பெரியம்மா கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அடுத்தது வருகிறதா என்று காது கொடுப்பாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தோம். பெரியப்பா அர்ச்சனை வரிசையில் நிற்க, நானும் பெரியம்மாவும் பொங்கல் வைத்து இறக்கிவிட்டு ஆற்றுமணலில் உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கி கூட்டத்தில் தவறியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

“கூப்ட்டா வந்துருவாகளா, பாப்பா?”

“கண்டிப்பா வருவாக பெரியம்மா. போன வருசம் நானே அப்படித்தான் வந்தேன்.”

அவள் மணலை அள்ளி அள்ளிக் கொட்டினாள். பிறகு அண்ணனைப் பற்றிச் சொன்னாள்.

“எங்க ஊரப் பிரெஞ்சுக்காரன் ஆண்டான். நடுவுல ஜப்பான்காரன் வந்து உக்காந்தான். அவன் தோத்துப்போகவும், இனி எங்க ஊரு எங்களுக்குன்னு கொடி ஏத்துனாக. ஜப்பான்காரன்ட்ட துப்பாக்கிய வாங்க வாறோம்னு இங்கிலீஷ்காரன் எறங்குனான். அவங்கூட இந்தியாப் பட்டாளம். பிரெஞ்சுக்காரனத் திரும்ப உக்கார வச்சுட்டுப் போய்ட்டாக.”

“நம்ம ஆளுகளா?”

“நம்ம ஆளுகதான்.”

பிரெஞ்சுக்காரனோடு சண்டை போட அண்ணன் காட்டுக்குப் போனது அப்போதுதான். அவளுக்கு ஏழு வயது. சோறு ஆறுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

“பெறகு பிரெஞ்சுக்காரனும் தோத்தான். நாட்ட ரெண்டா வெட்டுனாக. ஒரு பக்கம் அமெரிக்காக்காரன் பட்டாளத்தோட வந்து எறங்குனான். இன்னொரு பக்கத்துக்கு ரஷ்யாவும் சைனாவும் ஆயுதம் குடுத்தாக. ஒலகமே வந்துச்சு பாப்பா. அண்ணன் வரல.”

கடைசியில் சண்டை முடிந்து, காட்டுக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக வீடு திரும்பத் தொடங்கிய நேரத்தில்தான் பெரியப்பா அவளை விமானம் ஏற்றினார்.

சொல்லி முடித்ததும் எழுந்து, பொங்கல் தூக்குவாளியோடு மைக் கொட்டகைக்கு நடந்தாள். நானும் ஓடினேன்.

“லே வான் நாம்,” என்றாள் மைக்குக்காரரிடம்.

“யாரம்மா மரியாதயில்லாம லே-ங்கிறீக?”

“அது எங்க குடும்பப் பேருய்யா. எங்க அண்ணன்.”

அவர் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு தமக்குத் தெரிந்த பெயராக அதை மாற்றிக்கொண்டார்.

“வானமாமலை என்பவர் எங்கிருந்தாலும் உடனே வரவும். உங்கள் தங்கை இங்கே காத்திருக்கிறார்.”

பெரியம்மா தூணில் சாய்ந்து நின்றாள். கொஞ்ச நேரத்தில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“பெரியம்மா, ஒங்க அண்ணன்!” என்று கத்தினேன்.

அவள் கை சட்டென்று தலைமுடியை ஒதுக்கப் போனது.

“நாந்தான் வானமாமலை. எந்தங்கச்சி எங்க?”

போன கை அப்படியே நின்றது. அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஆளு மாறிப்போச்சுண்ணே. வேகாத வெயில்ல அலைய விட்டுட்டேன். சாப்டீகளா?”

பதிலுக்குக் காத்திராமல் அவரை உட்காரவைத்து, பொங்கலை இலையில் போட்டாள்.

“ஒங்க அண்ணன் எங்கன தவறிப்போனாகம்மா?” என்று கேட்டார் அவர்.

“வீட்டு வாசல்லதான்.”

அவர் வாய்க்குக் கொண்டுபோன கையை இலையிலேயே இறக்கினார்.

நிமிர்ந்தபோது பெரியப்பா அர்ச்சனைத் தட்டோடு எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தட்டில் தேங்காய் உடைபடாமல் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் நான் அவரை விடவில்லை.

“மைக்குல அவுக பேரத் தப்பாச் சொல்லிட்டாக பெரியப்பா. எறங்கிப் போயி சரியாச் சொல்லச் சொல்லுவோம். இந்நேரம் அவுக வந்து தேடுவாகள்ல?”

பெரியப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமிக்குப் படைக்கும் முன்பே பொங்கலை யாருக்கோ கொடுத்துவிட்ட கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.