சபையின் சீல் விழுந்த தாள்

கடந்த ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் ஒரு சனிக்கிழமை. பதுளையிலிருந்து மடுல்சீமைப் பக்கம் ஏறும் வழியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையில் நடந்தது இது. சரியான திகதி என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. அதை எழுதினால் ஆட்களை அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எங்கள் சபையின் செயலாளர். ஞாயிறு ஆராதனைக்கான அறிவித்தல் தாளை எழுதுவது என் பொறுப்பு. யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்த லயத்து வீட்டு வரிசையில் ஜெபக்கூட்டம், யாருக்கு உடம்பு சரியில்லை எல்லாம் அதில் இருக்கும். அடியில் கையெழுத்துப் போட்டுச் சபையின் சீலையும் குத்துவேன். அறிவித்தல் தாளுக்குச் சீல் தேவையே இல்லை. அத்தனை வருடம் சீல் குத்திப் பழகிய கைக்கு, அது விழாவிட்டால் வேலை முடிந்த மாதிரி இருக்காது. அந்தத் தாளைப் படம் பிடித்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் போடுவோம்.

எங்கள் சபையில் முதற்பலன் என்று ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு வேலை கிடைத்தால் முதல் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு, புதிதாகப் போட்ட தோட்டத்தில் பறித்த முதல் லீக்ஸ் கட்டு, கன்று போட்ட மாட்டின் முதல் தயிர்ச் சட்டி என்று பீடத்துக்கு முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். ஏன் வைக்கிறோம் என்று எழுந்து சாட்சி சொல்வார்கள். அடுத்த வாரத் தாளில் அவர்கள் பெயரை எழுதுவேன்.

அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு புது முதற்பலன் வந்தது. பாடகர் குழுவில் கீபோர்ட் வாசிக்கும் ஒருவர், கட்டாரில் இருந்து திரும்பி வந்தவர், கிரிப்டோவில் கிடைத்த முதல் இலாபம் என்று ஒரு உறையை வைத்தார். போனில் ஒரு செயலி, அதில் டொலர் ஏறிக்கொண்டே போவதைக் காட்டினார். செயலி நடத்துபவர்களும் விசுவாசிகள்தானாம், ஜெபத்தோடுதான் கூட்டம் தொடங்குவார்களாம். அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் பலர் உறை வைத்தார்கள். எல்லோருடைய பெயரையும் எழுதினேன். சந்தோஷமாகவே எழுதினேன்.

அந்தச் சனிக்கிழமை காலை, அப்புத்தளையில் இருக்கும் என் பழைய சக ஊழியர் போன் எடுத்தார்.

“என்னய்யா, ரிட்டயர் ஆனதும் புரோக்கர் வேலைக்கு இறங்கிட்டியா?”

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு படம் அனுப்பினார். என்னுடைய அறிவித்தல் தாள். முதற்பலன் வைத்தவர்களின் பெயர்களைச் சுற்றிச் சிவப்பில் வட்டம். என் கையெழுத்தையும் சீலையும் மட்டும் தனியாகப் பெரிதாக்கியிருந்தார்கள். ‘திருச்சபையே முத்திரையிட்டு உறுதி செய்த திட்டம்’ என்று கீழே ஒரு வரி. அவருடைய சபைக் குழுவில் முன்பின் தெரியாத ஓர் ஆள் அதைப் போட்டிருந்தானாம்.

பழைய தாள்களின் பிரதிகளை எடுத்து வரிசையாகப் பரப்பினேன். கிரிப்டோ உறை வைத்தவர்கள் பதினொரு பேர். ஒவ்வொருவர் பெயரும் ஒரு தடவைதான் வந்திருந்தது. முதற்பலன் ஒரு தடவைதான் வைப்பார்கள், அது சரி. அதற்குப் பிறகு யாராவது செயலியிலிருந்து காசு எடுத்தார்களா என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

ஒவ்வொருவராகப் போன் எடுத்துக் கேட்டேன். “எடுத்தா லெவல் குறைஞ்சிடுமாம் பிரதர், அதான் விட்டு வச்சிருக்கேன்” என்றார் ஒருவர். “எடுக்கப் பார்த்தேன், மொதல்ல வரி கட்டச் சொல்லுது” என்றார் இன்னொருவர். மூன்றாவதாகப் பேசிய சிஸ்டர் சொன்னதைத் தாளின் ஓரத்தில் அப்படியே குறித்துக்கொண்டேன்.

“மொத தடவை அவங்களே எடுக்கச் சொன்னாங்க பிரதர். வெள்ளிக்கிழமை எடுத்து ஞாயித்துக்கிழமை காணிக்கை வைங்க, சாட்சி சொல்லுங்கன்னு மெசேஜ் போட்டாங்க. எவ்வளவு பக்தியான ஆளுங்கன்னு நெனச்சேன்.”

எங்கேயோ இருக்கும், முகம் தெரியாத யாரோ, எங்கள் ஆராதனையில் எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு காரியம் பார்த்திருக்கிறார்கள்.

அப்போதுதான் சபையில் நான் தங்கச்சி என்று கூப்பிடும் ஒருவரின் நினைவு வந்தது. மேல் லயத்தில் இருப்பவர். சின்ன வயதிலிருந்து தேயிலைக் கொழுந்து எடுத்து, அண்மையில் ஓய்வு பெற்றவர். அதற்கு முந்தைய மாதம் அந்தச் செயலியில் கொஞ்சமாகக் காசு போட்டு, முதற்பலனும் வைத்தவர். அவருடைய ஈ.பி.எப். சேமலாபக் காசு வங்கிக்கு வந்துவிட்டது என்று நன்றி ஜெபம் கேட்டிருந்தார். நான் மேலே ஏறிப்போனபோது வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்கண்ணே. திங்கக்கிழமை பதுளைக்குப் போறேன். முழுசையும் அதுலயே போட்டுடலாம்னு இருக்கேன்.”

போடாதீங்க, இது ஏமாற்று என்றேன். தாள் பரவிய கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

“என்னண்ணே நீங்க? நீங்க எழுதி சீல் குத்தினதப் பார்த்துதான நான் சேர்ந்தேன்? கீபோர்ட் தம்பி சொன்னப்ப நான் நம்பல. அண்ணன் எழுதிட்டாரு, அப்ப சரியாத்தான் இருக்கும்னு எம்மககிட்ட சொன்னேன். இப்ப வந்து வாயால வேற மாதிரி சொல்றீங்க. அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?”

அவர் இன்னொரு விறகை எடுத்து அடுக்கினார்.

“பொய்னா அதையும் எழுதுங்க. அதே மாதிரி சீல் குத்தி, சபையில வாசிங்க. அப்ப நம்புறேன்.”

நேராகப் போதகர் வீட்டுக்குப் போனேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளிறியது. “ஈஸ்டர் முடியட்டும் பிரதர். பண்டிகை நேரத்துல சனங்க ஒடஞ்சி போயிடுவாங்க” என்றார். திங்கட்கிழமை அந்தத் தங்கச்சியின் உழைப்பு மொத்தமும் போய்விடும் என்றேன். அவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“சபைக் கூரைத் தகரம் மாத்த வச்சிருந்த காசையும் நான் அதுலதான் போட்டிருக்கேன்.”

அதுதான் எனக்குப் பெரிய அடி. அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. கடைசியில் அவரே, “நாளைக்கு அறிவித்தல் நேரத்துல வாசிங்க. சபைக் காசும் போயிருக்குன்னு சேர்த்து எழுதுங்க” என்றார்.

ஞாயிறு வாசித்தேன். முன்பு எழுதியவற்றை நான் விசாரிக்காமல் எழுதினேன், அந்தத் தாள்கள் எந்தத் திட்டத்துக்கும் சாட்சி அல்ல, யாரும் இனி ஒரு ரூபாயும் போட வேண்டாம் என்று எழுதியிருந்தேன். சிலர் முணுமுணுத்தார்கள். “பொறாமை” என்று பின் வரிசையில் ஒரு குரல் கேட்டது. நான் தாளை மடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டேன்.

“முதற்பலன் வச்ச பிறகு, இன்னொரு தடவை காசு எடுத்தவங்க யாராவது இருந்தா கைய உயர்த்துங்க.”

ஒரு கையும் உயரவில்லை. ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். கீபோர்ட் வாசிப்பவர் போனை எடுத்து ஏதோ அழுத்தினார், மறுபடி அழுத்தினார். அவருடைய கணக்கும் பூட்டியிருந்தது. “அம்மாட நகைய வச்சுப் போட்டேன் பிரதர்” என்று வாத்தியத்தின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அதுவரை அவரையும் ஏமாற்றுக்காரர்களின் கூட்டாளி என்று மனதுக்குள் நான் தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். அதுவும் பிழை.

மேல் லயத்துத் தங்கச்சி எழுந்து வந்து, “அந்தத் தாளக் குடுங்கண்ணே” என்று என் கையிலிருந்து வாங்கினார். சீலை ஒருமுறை உற்றுப் பார்த்து, மடித்துப் பைபிளுக்குள் வைத்தார். திங்கட்கிழமை அவர் பதுளைக்குப் போகவில்லை. நாங்கள் போனோம். பொலிஸில் முறைப்பாடு எழுதியபோது, யார் எப்போது சேர்ந்தார்கள் என்பதைச் சொல்ல என் பழைய தாள்கள்தான் உதவின. காசு போட்ட வங்கிக் கணக்குகள் தடவைக்குத் தடவை வேறு வேறு ஆட்களின் பெயரில் இருந்தன என்பதும் அங்கேதான் எங்களுக்கு உறைத்தது. இன்று வரை யாருக்கும் ஒரு சதம் திரும்பி வரவில்லை. மழை பெய்தால் பீடத்துக்குப் பக்கத்தில் இன்னும் வாளி வைக்கிறோம்.

அந்தத் தங்கச்சியின் காசு தப்பியது. அதற்காக அவர் எனக்கு நன்றி சொல்கிறார், எனக்குத்தான் அதைக் கேட்க முடிவதில்லை. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று யாராவது சொன்னால் முன்பெல்லாம் உள்ளுக்குள் குளிரும். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டதும், நான் விசாரிக்காமல் எதைச் சொல்லிவிட்டேனோ என்று நெஞ்சு திக்கென்கிறது.