கண்ணை மூடாத படம்

மகள் கடலைமிட்டாயைக் கடித்தபடி செல்போனில் படம் பார்க்கிறாள். அதில் ஒரு நகரமே அவரவர் பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்துப் பிழைக்கிறது.

“இதுல பேயே இல்லம்மா. பயமாவே இல்ல.”

மிட்டாய் கடக்கென்று உடைந்தது. சின்ன வயதில், தருமபுரம் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு நான் நடுங்கியிருக்கிறேன்.

ஞாயிறு மதியங்களில் சித்தப்பா காரைக்கால் கடையில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்துவந்து, ஜன்னல்களைப் போர்வையால் மூடி, பிள்ளைகள் எங்களுக்குப் பேய்ப்படம் போடுவார். அவர் படம் பார்ப்பதில்லை. டிவி பக்கத்தில் நாற்காலி போட்டு எங்கள் முகங்களைப் பார்ப்பார். பயந்து கண்ணை மூடும் பிள்ளையை நெல்மூட்டை அறையில் தள்ளிப் பூட்டுவார். யார் மூடியது என்று காட்டிக்கொடுத்தால் கடலைமிட்டாய் கிடைக்கும். போகப்போக நாங்கள் பேயைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“சித்தப்பா, இவ மூடிட்டா,” என்றான் அண்ணன்.

“இல்ல சித்தப்பா, தூசி விழுந்துருச்சு.”

பூட்டிய கதவைத் தட்டி அழுதேன். வெளியே அம்மாவின் குரல் கேட்டது.

“சத்தம் போடாதடி. படம் முடிஞ்சா சித்தப்பாவே தெறந்துவிடுவாங்க.”

பிறகு, அண்ணன் மிட்டாயைக் கடிக்கும் சத்தம்.

மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்குகிறாள்.

“ஏம்மா, படத்தப் பாக்காம என் கண்ணையே பாத்துக்கிட்டிருக்க?”