தாண்டிப் போன இருநூறு பக்கம்

அந்த மாயாஜால நாவல் தொடரின் நான்காம் பாகம் கைக்கு வந்த அன்று, கரியமாணிக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடியே அறுபது பக்கம் படித்தேன். முந்தைய மூன்று பாகங்களும் அப்படித்தான் பறந்தன. சாபம், சண்டை, முத்தம், மறுபடி சண்டை. நிழல்களை ஆளும் ஓர் இளவரசன்; அவனை முறைத்துக்கொண்டே காதலிக்கும் ஒரு வைத்தியச்சி.

நான் ஆங்கிலத்தில் படிப்பேன். படித்ததைத் தமிழில் வாய்ஸ் நோட்டாகப் பேசிப் பெரியம்மா மகளுக்கு அனுப்புவேன். அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். வீடு செல்லிப்பட்டில், வேலை மூலக்குளத்தில் ஒரு துணிக்கடையில். கடையில் வேலை நேரத்தில் போனை முதலாளியின் பெட்டியில் போட்டுவிட வேண்டும். மதியம் ஒரு மணிக்குத்தான் கைக்கு வரும். டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு என் கதையைக் கேட்பாள். பதிலும் குரலில்தான் வரும். "அவ்ளோதானா? மேல சொல்லுடி, சோறு எறங்கல!" அவள் எழுத்தில் எதுவும் அனுப்பியதே இல்லை.

நான்காம் பாகம் நடுவில் படுத்துவிட்டது. எதிரிகளிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று இளவரசன் அவளை ஒரு கோபுர அறையில் வைத்துப் பூட்டுகிறான். இருநூறு பக்கம் அதே அறை, அதே கஞ்சி, அதே ஜன்னல். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி நாற்பது பக்கத்தில் போர், துரோகம், இரண்டு சாவு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. நான் அக்காவுக்குச் சொன்னது ஒரே வரி: "அவள பத்திரமா ஒரு எடத்துல வெச்சிருந்தான்க்கா. அப்புறம் போர் வந்துடுச்சு."

அந்த மாதம்தான் அக்காவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது மல்லாட்டை ஓட்டை உடைத்து வேர்க்கடலையை எடுத்துக்கொண்டே சிரித்தாள்.

"உன் ராஜகுமாரன் மாதிரியேடி இவரும். என் வாட்ஸப்ப அவர் கம்ப்யூட்டர்ல சேத்து வெச்சிருக்காரு. யாராவது தப்பா பேசினா அவருக்குத் தெரியணுமாம்."

"உனக்கு ஓகேவாக்கா?"

"பாசம்டி. அடுத்த மாசத்தோட வேலைய வுட்டுட சொல்றாரு. பத்திரமா வெச்சிக்கத்தான."

பத்திரமா. என் வார்த்தை. கையில் இருந்த மல்லாட்டையை உரிக்காமலே மறுபடி முறத்தில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அந்த இருநூறு பக்கத்தையும் மறுபடி படித்தேன், இந்த முறை மெதுவாக. முதலில் அவள் தினமும் கதவைத் தட்டுகிறாள். பிறகு காலையில் மட்டும். பிறகு ஒரு பக்கத்தில் தட்டுவதே இல்லை. அதை அந்தப் பக்கம் சொல்லவும் இல்லை. தட்டுகிற வரி அங்கே இல்லை, அவ்வளவுதான். முதல் தடவை "போர் அடிக்கிறது" என்று நான் புரட்டித் தள்ளிய பக்கம் அது. எழுதியவர் சொதப்பினாரா, வேண்டுமென்றே அப்படி எழுதினாரா, இப்போதும் எனக்குத் தெரியாது. கடைசி நாற்பது பக்கம் சொதப்பல்தான், அதில் மாற்றமில்லை.

மறுநாள் காலை பத்தரைக்கு, விட்டதை எல்லாம் ஏழு வாய்ஸ் நோட்டாகப் பேசி அனுப்பினேன். மதியம் கேட்பாள் என்று கணக்கு. பதினோரு மணிக்கு, கேட்டாயிற்று என்ற நீலக் குறி ஏழிலும் விழுந்தது. அவள் போனோ முதலாளி பெட்டியில். கொஞ்ச நேரத்தில் அவள் பெயரிலிருந்து எழுத்தில் ஒரு வரி வந்தது. "இனிமேல் இந்த மாதிரி கதை எல்லாம் அனுப்ப வேண்டாம்."

மாப்பிள்ளைதான் தன் கம்ப்யூட்டரில் கேட்டிருக்கிறார். அவர் கண்ணில் படும் என்று யோசிக்காமலே அனுப்பிவிட்டேனே! அடுத்த வகுப்புக்குப் போகாமல் பஸ் பிடித்தேன்.

ஒரு மணிக்குக் கடைக்குப் பின்னால், துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அக்கா டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். "இன்னாடி, காலேஜ் இல்லியா?"

"நான் அனுப்பினத கேட்டியா?"

போனைத் திறந்து பார்த்தாள். "ஒன்னும் வரலியே." ஏழும் இல்லை, அந்த எழுத்து வரியும் இல்லை. அவள் பக்கத்தில் எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன. என் போனை அவளிடம் நீட்டினேன். படித்தாள். மூடிய டப்பாவை மறுபடி திறந்தாள், சாப்பிடவில்லை.

"அன்னிக்கு நீ ஒரே வரிதான சொன்ன, இவ்ளோ இல்லியே" என்றாள், ஏழு வாய்ஸ் நோட்டின் நீளத்தைப் பார்த்து.

"போர் அடிக்குதுன்னு நான்தான்க்கா வுட்டுட்டேன்."

"இப்ப சொல்லு."

சொன்னேன். அரை மணி நேரத்தில் எதையும் தாண்டவில்லை. கஞ்சி, ஜன்னல், கதவு. நடுவில் அவள் "மேல சொல்லு" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. தட்டாத பக்கத்துக்கு வந்தபோது மட்டும் கேட்டாள்.

"பூட்டினவன் அப்பவும் அவகிட்ட அன்பாத்தான் பேசினானா?"

"அப்பவும்."

கடைக்குள்ளிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள், பெட்டியில் போட வேண்டிய போனை என்னிடம் நீட்டினாள்.

"அந்த கம்ப்யூட்டர்லேர்ந்து என் வாட்ஸப்ப எடுக்கறது எங்கடி இருக்கு? நீ அழுத்தாத. எடத்த மட்டும் காட்டு."